வாக்கப்பட்டு வந்தவர்களும் வடக்கே போனவர்களும்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் படிவத்தில் இடப்பெயர்வு பற்றி நான்கைந்து கேள்விகள்தான் உண்டு. பிறந்த ஊர் எது, இதற்கு முன் கடைசியாக வசித்த ஊர் எது, அங்கிருந்து ஏன் வந்தீர்கள், வந்து எத்தனை காலம் ஆகிறது என்று அவை வரிசையாக வரும். 2011-இல் மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டிக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்தில் நான் கணக்கெடுப்பாளராக இருந்தபோது, என் பங்குக்கு வந்த வீடுகளில் வேறு ஊரில் பிறந்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ எல்லோருமே பெண்கள். வேலை, தொழில், கல்வி, திருமணம், பிறந்தபின் இடம் மாறியது, குடும்பத்தோடு வந்தது, பிற என்று ஏழு காரணங்களுக்கு ஏழு குறியீட்டு எண்கள் கொடுக்கப்பட்டிருந்தாலும், திருமணத்திற்குரிய எண்ணை மட்டுமே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்து, நாற்பது வருடமாக அதே வீட்டில் குடியிருந்து, பேரன் பேத்தி எடுத்த ஒரு மூதாட்டியும் அரசாங்கக் கணக்கின்படி இடம்பெயர்ந்தவர்தான் என்பதை அவரிடம் சொன்னால் சிரித்திருப்பார்.

நாடு முழுவதற்கும் கூட்டினாலும் கதை இதுவேதான். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவுக்குள் இடம்பெயர்ந்தவர்கள் ஏறத்தாழ 45 கோடி பேர், அதாவது மொத்த மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, கோடிக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறிப் பிழைப்புத் தேடிப் போவதாக மேடைகளில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 45 கோடியில் பெரும்பாலோர் பெண்கள். அப்பெண்களில் பெரும்பாலோர் திருமணத்தால் ஊர் மாறியவர்கள், அவர்களிலும் மிகப் பலர் சொந்த மாவட்டத்தை விட்டே வெளியேறாதவர்கள். கணக்கெடுப்புக்கு ஊர் எல்லை ஒன்றே அளவுகோல் என்பதால், அந்த எல்லையைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் வந்தவரும் மூவாயிரம் கிலோமீட்டர் வந்தவரும் அதில் ஒரே பெயரைப் பெறுகிறார்கள்.

பிளஸ் டூ மாணவர்களுக்கு மனிதப் புவியியல் நடத்தும்போது ராவன்ஸ்டைனின் இடப்பெயர்வு விதிகளைத் தவிர்க்க முடியாது. பிராங்க்பர்ட்டில் பிறந்து இங்கிலாந்துக்குக் குடியேறிய அவர், தாமே இடம்பெயர்ந்தவராக இருந்துகொண்டு, பிரிட்டனின் 1871, 1881 கணக்கெடுப்புகளை வைத்து 1885-இல் அவ்விதிகளை வகுத்தார். பெரும்பாலானவர்கள் குறைந்த தூரமே பெயர்கிறார்கள், குறுகிய தூரப் பெயர்வில் பெண்களே அதிகம், ஒவ்வொரு பெயர்வுக்கும் எதிர்த்திசையில் இன்னொரு பெயர்வு உண்டு என்பவை அவற்றுள் சில. விதிகள் மதுரைப் பக்கத்துக்கும் பொருந்துகின்றன, ஆனால் காரணம் முற்றிலும் வேறு. அங்கே பெண்கள் வீட்டு வேலைக்கும் ஆலை வேலைக்கும் பெயர்ந்தார்கள், இங்கே மாமன் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் பெயர்ந்தார்கள். வட இந்தியாவின் பல பகுதிகளில் சொந்த ஊருக்குள் பெண் எடுப்பதில்லை என்பதோடு, நெருங்கிய உறவுக்குள் எடுப்பதும் தடை என்பதால் மணப்பெண் தூரமாகப் போகிறாள். நம் பக்கத்தில் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று முறை இருக்கிறவரை பெண் கொடுப்பதும் எடுப்பதும் பத்துப் பதினைந்து ஊர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. மொய் எழுதுவதற்கு நடந்தே போகக்கூடிய தூரம் அது. இப்போது படித்த பெண்கள் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் வாழ்க்கைப்பட்டுப் போகத் தொடங்கியிருப்பதால் இந்த வட்டம் அகன்றுகொண்டிருக்கிறது, ஆனால் இதைப் பற்றி யாரும் இடப்பெயர்வு என்று பேசுவதில்லை.

ஆண்களைப் பற்றிக் கேட்டால் வேறு விதமான பதில் வந்தது. குடும்ப அட்டையில் பெயர் இருக்கும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும், சுவரில் கல்யாணப் படம் இருக்கும். ஆளைக் கேட்டால், "கம்பெனிக்குப் போயிருக்கான் சார்" என்பார்கள். உசிலம்பட்டி, சேடபட்டிப் பக்கத்தில் கம்பெனி என்றால் பெரும்பாலும் அது முறுக்குக் கம்பெனிதான். மகாராஷ்டிரம், குஜராத், ஆந்திரம் என்று வெளிமாநிலங்களில் முறுக்கும் மிக்சரும் போட்டு விற்கும் சிறு பட்டறைகள் அவை. அவற்றை நடத்துகிறவர்களிலும் இந்தப் பக்கத்துக்காரர்கள் பலர் உண்டு. ஒருவர் போய்க் காலூன்றி, தம்பியை அழைத்து, தம்பி மச்சினனை அழைத்து, மச்சினன் ஊர்ப் பையன்களை அழைத்துப் போவது என்று இந்தத் தொடர் வளர்ந்தது. முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கிற வழக்கம் இதில் ஆழமாக வேரூன்றியிருந்ததையும், அந்த முன்பணத்துக்காகப் பள்ளியிலிருந்து நின்றுபோன பையன்கள் கொத்தடிமைகளாக எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நிறுத்தப்பட்டு, பிறகு அதிகாரிகளால் மீட்கப்பட்ட செய்திகளையும் இங்கே ஆசிரியராக இருக்கிற எவரும் அறிவோம். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு எதிரே தொடர்ந்து விழும் ஆப்சென்ட் குறிகள்தான் இடப்பெயர்வைப் பற்றி எங்களுக்குக் கிடைக்கும் முதல் புள்ளிவிவரம்.

இவர்களை எங்கே கணக்கில் சேர்ப்பது என்பதற்குக் கணக்கெடுப்பில் தெளிவான விதி இருக்கிறது. பிப்ரவரி 9 முதல் 28 வரையிலான காலத்தில் ஒரு நாளாவது வீட்டில் தங்கியவர் வீட்டுக் கணக்கில் வருவார். அந்த இருபது நாளும் முழுக்க வெளியிலேயே இருந்தவரை அங்கேதான் எண்ண வேண்டும், இங்கே எழுதக் கூடாது. மார்ச் 1-ஆம் தேதி தொடங்கும் நள்ளிரவே அடிப்படை நேரம். அதன்பின் ஐந்து நாள் மறுசுற்று நடக்கும். அதில் இடையில் பிறந்தவர்களையும் இறந்தவர்களையும், எங்கும் எண்ணப்படாமல் இந்த நள்ளிரவுக்கு முன்பே வந்து சேர்ந்தவர்களையும் மட்டும் சரிசெய்யலாம். விதியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 2011-இல் மகா சிவராத்திரி மார்ச் 2-ஆம் தேதி வந்தது. உசிலம்பட்டி வட்டாரத்தில் மாசிச் சிவராத்திரி என்பது குலதெய்வக் கோயிலுக்கு ஒவ்வொரு பங்காளியும் வந்தே தீர வேண்டிய நாள், பொங்கலுக்கு வராதவன்கூட அதற்கு வந்துவிடுவான். நான் மறுசுற்றுக்குப் போனபோது, ஒரு வாரத்துக்கு முன் பெண்களும் கிழவர்களும் மட்டுமே இருந்த தெருவில் எங்கு பார்த்தாலும் இளவட்டங்கள். என் படிவத்தில் அவர்களில் ஒருவருக்கும் இடமில்லை. அவர்கள் வேலை செய்யும் பட்டறைகளில், இரவில் ஷட்டருக்குப் பின்னால் படுத்துக்கிடக்கும் அந்த ஆட்களைத் தேடி அங்குள்ள கணக்கெடுப்பாளர் போயிருப்பார் என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

நான் சொல்ல வருவது இதுதான். மதுரைச் சீமையில் பிழைப்புக்காகப் பெயர்கிறவர்களில் பெரும்பகுதியினர் ஊரை விட்டு நீங்குகிறவர்கள் அல்லர், போய்ப் போய் வருகிறவர்கள். ஓரிடத்தில் இருந்து கிளம்பி இன்னோரிடத்தில் குடியமர்வதையே இடப்பெயர்வு என்று வைத்துக்கொண்டால், வாக்கப்பட்டு வந்த மூதாட்டி கணக்கில் வருவார், வருடத்தில் பத்து மாதம் வெளிமாநிலத்தில் இருக்கும் அவருடைய பேரன் வரமாட்டான். இந்தக் கோணல் நம் திட்டங்களையும் பேச்சையும் பல இடங்களில் தடம் மாற்றியிருக்கிறது.

உசிலம்பட்டிப் பக்கம் ஏன் ஆட்களை அனுப்பும் ஊராக ஆனது என்பதற்குத் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். 1895-இல் முல்லைப்பெரியாறு அணை முடிந்து, மேற்கே ஓடிய ஆற்றின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைப் படுகைக்குத் திருப்பப்பட்டது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை ஏறத்தாழ 45 ஆயிரம் ஏக்கருக்கு இருபோகப் பாசனமும், அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் 85 ஆயிரம் ஏக்கருக்கு ஒருபோகப் பாசனமும் இன்று கிடைப்பது அந்த நீரால்தான். மேட்டு நிலமான உசிலம்பட்டிக்கு அந்தக் கால்வாய் ஏறவில்லை. ஒரே மாவட்டத்தின் ஒரு பாதி நெல் விளையும் பூமியாகவும் மறுபாதி மழையை அண்ணாந்து பார்க்கும் மானாவாரியாகவும் பிரிந்தது. வாடிப்பட்டி, சோழவந்தான் வயல்களின் நடவுக்கும் அறுப்புக்கும் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்கள் கூட்டமாகப் போய்த் தங்கி வேலை செய்ததை வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். அறுவடை இயந்திரம் வந்ததும் அந்தப் பெயர்வு நின்றுபோனது. பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு உசிலம்பட்டிப் பக்கத்துக்கென 58 கிராமக் கால்வாய் வெட்டப்பட்டபோதிலும், 71 அடி உயரமுள்ள வைகை அணையில் நீர்மட்டம் 67 அடியைத் தொட்டால்தான் அதில் தண்ணீர் திறக்க முடியும். அந்த அளவு எல்லா ஆண்டும் எட்டுவதில்லை.

தண்ணீர் இல்லாத ஊர் பெயர்ந்துதான் பிழைக்க வேண்டும் என்றால், அந்த வழியையும் அரசே அடைத்துவைத்த காலம் ஒன்று இருந்தது. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இந்த வட்டாரத்துப் பிறமலைக் கள்ளர் சமூகத்தின் மீது ஏவியபோது, இந்தப் பக்கம் ரேகைச் சட்டம் என்று அழைக்கப்பட்ட அதன்படி ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், இரவில் சாவடியில் வந்து படுக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை பதிய மறுத்து எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீசார் சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. இடப்பெயர்வு ஆய்வாளர் எவரெட் லீ 1966-இல் வகுத்த கோட்பாட்டில் தள்ளும் காரணிகள், இழுக்கும் காரணிகள் என்பவற்றோடு இடையில் குறுக்கிடும் தடைகள் என்று ஒன்றையும் சொல்கிறார். பாடநூல்கள் அதற்கு மலையையும் கடலையும் பயணச் செலவையும் உதாரணம் காட்டும். என் வகுப்பில் நான் காட்டும் உதாரணம் ரேகைச் சட்டம். ஒரு சாவடியும் ஒரு பதிவேடும் ஒரு மலைத்தொடரைவிடப் பலமாக மக்களைத் தடுத்து நிறுத்தியிருக்கின்றன. அது நீங்கிய பிறகான ஒரு தலைமுறைக்குள் அதே ஊர்களின் பிள்ளைகள் நாட்டின் எல்லா மூலைக்கும் போய்விட்டதை, வறுமை தள்ளியது என்ற ஒரு வரியால் மட்டும் விளக்கிவிட முடியாது.

வெளியிலிருந்து மதுரைக்கு வந்தவர்களின் கதை நீண்டது, அதில் ஒன்றிரண்டை மட்டும் தொட்டுச் செல்கிறேன். விஜயநகரப் படையெடுப்பை ஒட்டியும் 16-ஆம் நூற்றாண்டில் நாயக்கர் ஆட்சி நிலைபெற்ற பிறகும் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடிகள் தெற்கே வந்தபோது, தெலுங்குக் குடிகளில் உழவர்களாக இருந்தவர்கள் ஆற்றங்கரை நஞ்சையில் குடியேறவில்லை. அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். திருமங்கலத்துக்கு மேற்கிலும் தெற்கிலும் விரிந்து கிடந்த கரிசல் அவர்களுக்குக் கிடைத்தது, கரிசலை உழுது பயிர் செய்யும் பழக்கம் அவர்களிடம் முன்பே இருந்தது. மண்ணின் நிறத்தையும் வீட்டில் பேசும் மொழியையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் இன்றும் இந்தத் தொடர்பு தெரியும். பட்டும் சாயமும் தெரிந்த சௌராஷ்டிரர்கள் குஜராத்திலிருந்து பல தலைமுறைகளாகப் பல ஊர்களில் தங்கித் தங்கி இங்கு வந்து திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிக் குடியமர்ந்து, ஊருக்குச் சுங்குடிச் சேலையைக் கொடுத்தார்கள். அவர்களில் பலர் இப்போது மகால் பகுதியின் நெருக்கத்தை விட்டு நிலையூர்க் கைத்தறி நகர் போன்ற புறநகர்களுக்கு நகர்ந்துவிட்டார்கள். நானூறு ஆண்டு பழைய பெயர்வைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்த ஏழெட்டுக் கிலோமீட்டர் பெயர்வைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை, நகரம் எப்படி மாறுகிறது என்பதை அறிய இரண்டாவதுதான் அதிகம் உதவும்.

நகரத்தின் மக்கள்தொகைக் கணக்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1901-இல் ஒரு லட்சத்து ஆறாயிரம் பேர் இருந்த மதுரை, 1951-இல் மூன்று லட்சத்து அறுபதாயிரத்தைத் தாண்டி, 1991-இல் 9 லட்சத்து 41 ஆயிரம் ஆனது. 2001-இல் அது 9 லட்சத்து 29 ஆயிரமாகக் குறைந்தது. மதுரை தேய்கிறது என்று அப்போது சிலர் கவலைப்பட்டார்கள். தொழில் வளர்ச்சியில் கோயம்புத்தூரோடு ஒப்பிட்டு வருந்த நமக்கு எப்போதும் காரணங்கள் உண்டு என்றாலும், இந்தக் குறைவுக்கு முக்கியக் காரணம் மாசி வீதிகளுக்கும் வெளி வீதிகளுக்கும் இடைப்பட்ட வீடுகள் கடைகளாகவும் கிட்டங்கிகளாகவும் லாட்ஜுகளாகவும் மாற, குடியிருந்தவர்கள் அப்போதைய மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்த ஆனையூர், திருநகர், அவனியாபுரம் பக்கம் வீடு கட்டிப் போனதுதான். எல்லை நகராமல் மக்கள் நகர்ந்தார்கள். பிறகு 72 வார்டுகளை 100 ஆக்கி மாநகராட்சி எல்லையை விரித்ததும், போனவர்கள் எல்லோரும் ஒரு கையெழுத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். விரிந்த எல்லைக்குள் 2011-இன் எண்ணிக்கை 14 லட்சத்து 70 ஆயிரம். யாரும் வீடு மாறாமலே லட்சக்கணக்கானோர் நகரவாசிகள் ஆன இந்தக் கணக்கைச் சொல்லித்தான், எந்த மக்கள்தொகை எண்ணையும் அது எந்த எல்லைக்கு உரியது என்று கேட்காமல் பயன்படுத்தக் கூடாது என்பதை மாணவர்களுக்குப் புரியவைக்கிறேன்.

கடல் தாண்டிய பெயர்வு இவை எல்லாவற்றையும்விடக் கனமானது. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், காப்பியை இலை நோய் அழித்த பிறகு வந்த தேயிலைத் தோட்டங்களுக்கும் மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து ஆட்கள் போனார்கள். தொடக்கத்தில் கடற்கரை வரை நடந்து, தோணியில் மன்னாருக்குக் கடந்து, அங்கிருந்து காட்டு வழியே மலைநாட்டுக்கு மறுபடியும் நடந்தார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் அந்த ஓட்டத்தைப் பெருக்கியது. 1870-களின் நடுவில் மதுரைக்கு ரயில் வந்தது, 1914-இல் தனுஷ்கோடியும் தலைமன்னாரும் ரயிலாலும் கப்பலாலும் இணைக்கப்பட்டன. மண்டபம் முகாமில் நோய்ப் பரிசோதனை முடித்து ஆட்களை ஏற்றினார்கள். ஆள் பிடித்த கங்காணி பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர், சில வேளைகளில் உறவினர். அவர் கொடுத்த முன்பணமே தோட்டத்தில் தொழிலாளியின் முதல் கடன் ஆனது. முறுக்குக் கம்பெனிக்கு ஆள் சேர்க்கும் முறையை அறிந்தவர்களுக்கு இது பழைய செய்தியாகவே தோன்றாது.

தோட்டத்துக்குப் போனவர்களும் போய்வருகிறவர்களாகத்தான் போனார்கள், சேமித்துக்கொண்டு திரும்புவதே அவர்கள் எண்ணம். திரும்பாமல் மூன்று தலைமுறை ஆனபோது, 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஏறத்தாழ 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு என்றும் 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்றும் பிரிக்கப்பட்டார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கு வைத்தன. தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் வந்தவர்களுக்குத் தாயகம் என்று சொல்லப்பட்ட ஊரில் நிலமும் இல்லை, அடையாளம் சொல்ல ஆளும் இல்லை என்பதால், பலர் பழகிய தொழிலைத் தேடி நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் கூலிக்குப் போனார்கள்.

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களின் முகாம்கள் மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய இடங்களில் இருக்கின்றன. 2021-இல் மாநில அரசு இவற்றுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது. முகாம்களில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் இலங்கையின் வடகிழக்கைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் அல்லர், மலையகத்திலிருந்து கலவரங்களுக்குத் தப்பி வவுனியா போன்ற பகுதிகளுக்குப் பெயர்ந்து, அங்கிருந்து படகேறியவர்கள். அவர்களுடைய பூட்டனும் பூட்டியும் தமிழ்நாட்டின் இதே தென்மாவட்டங்களிலிருந்து கப்பலேறியவர்கள். நான்கு தலைமுறை கழித்து புறப்பட்ட சீமைக்கே திரும்பிவந்தவர், இந்தியச் சட்டப்படி அயல்நாட்டவர். 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்த ஒருவருக்குப் பிறப்பால் குடியுரிமை கிடைக்க, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். ஆகவே முகாமில் பிறந்து, மதுரைப் பள்ளியில் படித்து, மதுரைக் கல்லூரியில் பட்டம் வாங்கி, மதுரைத் தமிழ் பேசும் பிள்ளைக்கும் அது எட்டுவதில்லை. கணக்கெடுப்பில் அந்தப் பிள்ளை பிறந்த ஊருக்கு எதிரே இதே ஊர் என்று எழுதப்படும், இடம்பெயராதவர் என்றே பதிவாகும். எங்கும் போகாமலே அகதியாக இருக்கிறவரையும் இந்தப் படிவம் அடையாளம் காட்டாது.

இப்போது எதிர்த்திசைப் பெயர்வுக்கு வருகிறேன். 1992-93-இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி ஏறத்தாழ 2.5 ஆக இருந்தது. 2019-21-இல் அது 1.8. ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்துகொள்ளத் தேவையான அளவு 2.1. அதே 2019-21-இல் பீகாரில் இந்தச் சராசரி 3.0 ஆக இருந்தது. பெண் கல்வி, தள்ளிப்போன திருமண வயது, ஊருக்கு ஊர் சுகாதார நிலையம் என்று தமிழ்நாட்டின் குறைவுக்கு நல்ல காரணங்கள் உண்டு. சிறு குடும்பம் என்ற விருப்பம் ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற விருப்பத்தோடு சேர்ந்தபோது நேர்ந்த பெண் சிசுக்கொலை என்ற கொடுமையும் உண்டு. 1980-களின் நடுவில் உசிலம்பட்டியின் பெயர் நாடு முழுதும் அடிபட்டது அதனால்தான். அப்போது பிறக்கவிடப்படாத, பிறந்தும் வளரவிடப்படாத பெண்களின் இடம் காலியாக இருப்பதைப் பிற்பாடு பெண் தேடி அலைந்த குடும்பங்கள் உணர்ந்தன. என் போன்றவர்களுக்கு இந்த மாற்றம் ஆறாம் வகுப்புச் சேர்க்கையில் தெரிகிறது. இரண்டு பிரிவுகளாக இருந்த வகுப்புகள் ஒன்றாகி, அந்த ஒன்றிலும் பெஞ்சுகள் மிஞ்சுகின்றன.

ஆட்கள் குறைந்த இடத்துக்கு ஆட்கள் வருவார்கள். மாட்டுத்தாவணியைச் சுற்றியுள்ள ஓட்டல்களில் மேசை துடைப்பவர், புரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் மாவு பிசைபவர், ரிங் ரோட்டோரம் எழும் கட்டடங்களில் கம்பி கட்டுபவர் என்று பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் மாநிலங்களின் இளைஞர்கள் மதுரையில் இல்லாத இடம் இல்லை. கொத்தனாரும் சித்தாளும் உள்ளூரில் கிடைக்காமல் வேலை நிற்கிறது என்று புலம்பும் மேஸ்திரியே, வடக்கத்திப் பையன்கள் கூலியைக் கெடுத்துவிட்டார்கள் என்றும் சொல்வார். இரண்டும் ஒரே வாயில் வருவதை அவர் கவனிப்பதில்லை. கடன் கழிக்க முன்பணம் வாங்கி வந்திருப்பது, ஒரே அறையில் பத்துப் பேர் படுப்பது, சாத் பூஜைக்கும் ஹோலிக்கும் ஊருக்குப் போக மூன்று மாதம் முன்பே டிக்கெட் தேடுவது என்று, நம் ஊர்ப் பையன் வடக்கே போய் வாழும் அதே வாழ்க்கையைத்தான் அந்தப் பையன் இங்கே வாழ்கிறான். மகனைப் புனேவுக்கு அனுப்பிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் இந்தி கேட்டாலே முகம் சுளிக்கிற தகப்பன்மாரை எனக்குத் தெரியும். 2023 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, பயந்துபோய்ப் பலர் ஊர் திரும்பினார்கள். அரசுகள் தலையிட்டு வதந்தி என்று விளக்கிய பிறகே நிலைமை அடங்கியது. அந்தச் சில வாரங்களில் ஓட்டல்காரர்கள் பட்ட பாடு, யார் யாரை நம்பி இருக்கிறார்கள் என்பதைக் காட்டியது.

இவர்களைப் பற்றி அரசிடம் இருக்கும் தகவல் எவ்வளவு மெலிவானது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. மாநிலங்களுக்கிடையே பெயரும் தொழிலாளர்களுக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்ததாரர் வழியாக வருகிறவர்களைப் பதிவு செய்யக் கோரியது. தானாக ரயிலேறி வந்து உறவுக்காரப் பையன் சொன்ன ஓட்டலில் சேர்ந்தவன் அதற்குள் வரமாட்டான். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 64-ஆவது சுற்று, 2007-08-இல், கடந்த ஓராண்டில் ஒரு மாதத்துக்கு மேலும் ஆறு மாதத்துக்குள்ளும் வேலைக்காக வெளியே தங்கியவர்களைத் தனியாகக் கேட்டது. போய்வருகிறவர்களைப் பிடிக்க நான் அறிந்த கேள்விகளில் அதுவே ஓரளவு பொருத்தமானது. ஆனாலும் பத்து மாதம் தங்கிவிட்டுச் சிவராத்திரிக்கு வருகிறவன் அந்த வலையிலும் நழுவிவிடுவான்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கிறது. சாதியை எப்படிக் கேட்பார்கள், தொகுதிகள் எப்படிப் பிரியும் என்பதைச் சுற்றியே விவாதம் எல்லாம் நடக்கிறது. இடப்பெயர்வுக் கேள்விகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த ஆண்டு மகா சிவராத்திரி மார்ச் 6-ஆம் தேதி வருகிறது, ஆகவே உசிலம்பட்டிப் பக்கம் 2011-இல் விட்டுப்போனது மறுபடியும் விட்டுப்போகும். அதை மாற்றுவது எங்கள் கையில் இல்லை. ஆனால் இந்த முறை மதுரை நகருக்குள் கணக்கெடுப்புப் பணி கிடைக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஆட்களை எண்ணுவதற்கு முன்னால் நடக்கும் வீட்டுப் பட்டியல் கட்டத்தில், ஒரு கட்டடம் கடை என்று மட்டும் குறிக்கப்பட்டுவிட்டால், பிப்ரவரியில் பெரும்பாலும் அங்கே யாரும் ஆள் எண்ணப் போவதில்லை. டவுன் ஹால் ரோட்டிலும் மாட்டுத்தாவணியிலும் சிம்மக்கல்லிலும் ஓட்டலுக்கு மேலே, கிட்டங்கிக்குப் பின்னால், கட்டி முடியாத மாடியில் ஆட்கள் படுக்கிறார்கள். பகலில் கல்லாவில் இருப்பவரிடம் கேட்டால் இங்கே யாரும் தங்குவதில்லை என்பார், சட்டச் சிக்கல் வரும் என்ற பயம் அவருக்கு. கடை அடைக்கும் நேரத்தில் ஒரு தடவை போய், மாடிப்படி ஏறிப் பார்த்து, கடையும் குடியிருப்பும் சேர்ந்தது என்று அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டு வாருங்கள்.